மூன்றாவது கம்பிக்கு எத்தனை மதிப்பெண்

நான் ஓய்வு பெற்ற பாலிடெக்னிக்கில் மின்னியல் துறையின் பாடத்திட்டத்தை மறுபடியும் திருத்துகிறார்கள். எனக்குப் பின் துறைத் தலைவராக வந்தவர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், கம்பத் தேர்வுல ஒரு படி தப்பினா மொத்தமும் பெயில்னு வெச்சிருக்கீங்களே. அதை மாத்தி பாதி மார்க்காவது குடுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு பொண்ணோட வேலையை நீங்க கெடுத்துட்டதா ஒரு பேச்சு வேற ஓடிக்கிட்டு இருக்குது. நெசமா என்ன நடந்துச்சு?"

வாயால் சொன்னால் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் போய்ச் சேரும். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். நடந்த வரிசையில் எழுதுகிறேன். மாதமும் கிழமையும் எனக்கு நன்றாக நினைவிருக்கும் இடங்களில் மட்டும் குறிப்பிடுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு பம்புசெட் உதிரிபாகக் கடை. அப்பாவுக்குப் பின் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். கடையில் ஸ்டார்ட்டரும் கேபிளும் பார்த்து வளர்ந்த பெண் என்பதால் மின்னியல் டிப்ளமோவில் சேர்த்தார்கள். பிறகு பட்டம், பிறகு இந்தக் கல்லூரி. பாடம் நடத்திய காலம் முழுவதும் கரும்பலகையில் மூன்று கோடு போட்டு, இதுதான் லைன் என்பேன். பிள்ளைகள் நம்பினார்கள்.

மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் செய்ததாகப் பல்லவ மன்னன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு எங்கள் பாடத்திட்டம் நினைவுக்கு வரும். நாங்களும் கம்பம் இல்லாமல், கம்பி இல்லாமல், இன்சுலேட்டர் இல்லாமல் மின்பகிர்மானம் நடத்திக்கொண்டிருந்தோம். அவன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். நாங்கள் வெளியே சொல்லவில்லை.

அதை வெளியே சொன்னவர் தியாகராஜன். தொழிற்சாலைகளின் துணை மின்நிலையங்களையும் அவற்றுக்குப் போகும் லைன்களையும் ஒப்பந்தத்தில் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் களப்பணித் தலைவர். திண்டிவனம் பக்கத்துக்காரர். முந்தைய ஆண்டு எங்கள் மாணவர்களை வேலைக்கு எடுத்து, பயிற்சி முடியும் முன்பே அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியிருந்தார். காரணம் கேட்டு முதல்வர் கடிதம் எழுத, அவர் நேரிலேயே வந்துவிட்டார். அது ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

"கோச்சிக்காதீங்க மேடம். உங்க பசங்க கணக்கு சூப்பரா போடறாங்க. லைன் கிளியர் வாங்கிட்டு வாடான்னா போனை எடுத்துத் தேடறான்."

லைன் கிளியர் என்பது, ஒரு லைனில் கை வைக்கும் முன் அதற்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் வாங்கும் அனுமதி. அந்தச் சொல்லை நாங்கள் பாடத்தில் ஒரு வரியில் கடந்துவிடுவோம்.

"பத்து நாள்ல கத்துக்க மாட்டாங்களா?" என்றேன். துறையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"கத்துக்குவாங்க. எதைப் பணயம் வெச்சிக் கத்துக்குவாங்கன்றதுதான் கேள்வி." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "போன வருசம் அனந்தபுரம் பக்கம் என் ஆளு ஒருத்தன் கரண்ட் அடிச்சுப் பூட்டான் மேடம். புது ஆளு இல்ல. டூ பேஸ் நேரம். சுவிட்சைப் பிரிச்சாச்சு. ரெண்டு கம்பியை டெஸ்ட் பண்ணிப் பாத்தான். மூணாவதுலதான் ஏற்கெனவே கரண்ட் இல்லையேன்னு உட்டுட்டான்."

இந்தப் பக்கத்து விவசாய லைன்களை அறியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மோட்டார் ஓட மூன்று கம்பியிலும் மின்சாரம் வேண்டும். அப்படி வருவது சில மணி நேரம்தான். மற்ற நேரத்தில் இரண்டு கம்பியில் மட்டும் வரும். அதை டூ பேஸ் என்பார்கள். அந்த நேரத்தில் வீட்டு விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. ஆனால் கடலைக்குத் தண்ணீர் கட்ட வேண்டியவர் சும்மா இருக்க முடியுமா? ஸ்டார்ட்டரோடு ஒரு கண்டென்சரை இணைத்துவிட்டால் இரண்டு கம்பி மின்சாரத்திலேயே மோட்டார் ஓடிவிடும். அப்படிச் செய்யக் கூடாது என்பது விதி. வல்லத்திலிருந்து அனந்தபுரம் வரை எத்தனை மோட்டார் கொட்டாயில் அது இருக்கிறது என்பது ஊரறிந்தது.

அப்படி ஓடும் மோட்டார் இன்னொரு வேலையும் செய்யும். மின்சாரம் இல்லாத மூன்றாவது கம்பிக்கு அதுவே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். லைனைத் துண்டிக்கும் சுவிட்சைப் பிரித்த பிறகும் அதன் மூன்றாவது கத்தி முழுதாக விலகாவிட்டால், சுவிட்சுக்கு அப்பால் ஓடும் மோட்டாரின் மின்சாரம் இந்தப் பக்கம் வந்துவிடும். கம்பத்தின் மேல், காலி என்று ஊரே நம்பும் கம்பியில் உயிர் இருக்கும். இதை நான் சூத்திரமாக அறிந்திருந்தேன். எங்கள் அண்ணன் கடையின் இரண்டாவது அலமாரியில் கண்டென்சர்கள் அடுக்கியிருப்பதையும் அறிந்திருந்தேன். இரண்டையும் ஒரு கம்பத்தில் சேர்த்துப் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமைதான்.

"இதையெல்லாம் தெரிஞ்ச ஆளுங்களைக் குடுங்க," என்றார் தியாகராஜன். "வேலை நான் தரேன்."

அரசு தரும் பாடத்திட்டத்தில் நாங்கள் கை வைக்க முடியாது. ஆனால் கடைசிப் பருவத்தில் கூடுதல் பயிற்சி என்று ஒன்றைக் கல்லூரியே நடத்தலாம். நான் ஒரு வரைவு எழுதினேன். கல்லூரிக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் இரண்டு கம்பம், மூன்று கம்பி, ஒரு சுவிட்சு. அதில் ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி. இறுதியில் ஒரு தேர்வு. அதில் தேறியவர்களைத் தியாகராஜனின் நிறுவனம் நேரடியாக எடுத்துக்கொள்ளும்.

வரைவு முதல்வர் மதியழகனிடம் போனது. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எந்தத் தாளையும் அவர் நின்றுகொண்டே படிப்பார். நம்மை உட்காரச் சொல்லிவிட்டு, ஜன்னலருகே போய், ராஜகிரி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பிடித்துவிட்டால் சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனா வெளியே வரும். பிடிக்காவிட்டால் தாள் நான்காக மடிந்து நம் பக்கம் வந்து சேரும். இரண்டு முடிவுக்கும் முன்னால் ஒரு நீண்ட "ம்" உண்டு. அந்த "ம்" எந்தப் பக்கம் போகும் என்று கடைசிவரை தெரியாது. என் பணிக்காலத்தின் பெரும் பகுதி அந்த "ம்"முக்கு அடுத்த நொடியில் கழிந்தது.

"கண்டென்சர்னு எழுதியிருக்கீங்கம்மா."

"ஆமா சார். அதுலதான் ஆள் சாவறாங்க."

"விதிப்படி தப்பான ஒண்ணை நம்ம காலேஜ் பாடத்துல போட்டா, நாளைக்கு எவனாவது எடுத்துக் காட்டுவான். இவங்களே சொல்லித் தராங்கன்னு."

"எப்படிப் போடறதுன்னு சொல்லித் தரலை சார். போட்டிருந்தா என்ன ஆவும்னு சொல்லித் தரோம்."

"ம்..." வெளியே மதிய இடைவேளை மணி அடித்து ஓயும் வரை நின்றார். "வகுப்புல சொல்லுங்க. எழுத்துல வேணாம்."

"எழுத்துல இல்லாததை எனக்குப் பின்னாடி வர்றவங்க சொல்ல மாட்டாங்க சார்."

தாள் ஒரு முறை மடிந்தது. இரண்டாவது மடிப்புக்குப் போன கை நின்றது. "எதிர்பாராத இடத்திலிருந்து திரும்பி வரும் மின்சாரம்," என்று மெதுவாகச் சொன்னார். "இப்படி எழுதுங்க. அது எந்த இடம்னு வகுப்புல சொல்லிக்கலாம்." பேனா வெளியே வந்தது.

தேர்வு விதியை மட்டும் அவர் மாற்றவில்லை. அதை நானும் தியாகராஜனும் சேர்ந்து எழுதினோம். எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சுவிட்சைப் பிரித்துப் பூட்ட வேண்டும். சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, 'ஆள் வேலையில்' என்ற பலகையை மாட்ட வேண்டும். மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் டிடெக்டர் வேலை செய்கிறதா என்று முதலில் வேறிடத்தில் பார்க்க வேண்டும். பிறகு கம்பி ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் டிடெக்டரை மறுபடி சோதிக்க வேண்டும். அதன் பின், கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு. முதலில் மண் பக்கத்து முனை, பிறகு கம்பி. எல்லாம் முடிந்த பிறகுதான் ஏணியில் கால். இதில் எது விட்டுப்போனாலும் தேர்ச்சி இல்லை. ஒரு மாதம் கழித்து மறுதேர்வு. பாதி மதிப்பெண் என்ற பேச்சே வரக்கூடாது என்று அன்று அழுத்திச் சொன்னவர் தியாகராஜன்.

பயிற்சிக் கம்பியில் ஓடியது ஆளைக் கொல்லாத சிறு மின்சாரம். உயிருள்ள கம்பியில் எர்த் ராடு பட்டால் ஒரு பஸ்ஸர் அலறும். அவ்வளவுதான் தண்டனை.

பவித்ரா அந்த முதல் அணியில் இருந்தாள். வல்லத்துக்குப் பக்கத்து ஊர். அவள் அப்பா முருகேசன் தனியார் ஒயர்மேன். அவருடைய அப்பா காலம் வரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு காணி கிடையாது. மற்றவர் நிலத்தில் உழைத்தவர்கள். முருகேசன் ஐ.டி.ஐ. படித்து, சுற்று வட்டாரத்துக்கெல்லாம் மோட்டார் வேலை பார்த்து மகளை இங்கே சேர்த்திருந்தார். பெண்ணுக்கு வேலை சுத்தம். கயிறு முடிச்சுப் போட்டால் கண் அதிலேயே இருக்கும். வாயும் உண்டு. ஏணியில் தயங்கி நின்ற ஒருவனைப் பார்த்து, "இன்னாடா, மேல போயி செல்ஃபி எடுக்கப் போறியா?" என்று அவள் கேட்டதில் அந்த அணியே சிரித்தது.

தியாகராஜன் இரண்டு முறை வந்து பயிற்சியைப் பார்த்தார். இரண்டாவது முறை என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு எங்களுக்கு வேணும் மேடம். ஃபீல்டுல இதுவரைக்கும் ஒரு லேடி கூட கிடையாது. எங்க மேலிடத்துல மூணு மீட்டிங் சண்டை போட்டு ஒத்துக்க வெச்சிருக்கேன். அவ மட்டும் கெட்டியா வந்துட்டான்னா அடுத்த வருசம் நாலு பேரு எடுப்பேன்." இந்தப் பேச்சு பவித்ராவுக்கும் எட்டியிருந்தது. அவள் வீட்டுக்கும்.

தேர்வு பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். திங்கட்கிழமை வைத்திருந்தோம் என்பது சரி. அன்று கோடை மழை பெய்து ஏணி வழுக்கியதால் தள்ளிப் போட்டோம். சுவிட்சுப் பக்கம் நான், கம்பத்தின் கீழே தியாகராஜன், நிழலில் நாற்காலி போட்டு முதல்வர். ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் ஒரு சூழல் எழுதியிருக்கும். தேர்வு நடக்கும்போது நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

பவித்ரா எடுத்த சீட்டு: விவசாய லைன், டூ பேஸ் நேரம்.

அந்தச் சீட்டுக்குரிய ஏற்பாட்டை மறைவில் செய்தேன். ஒரு சிறு மோட்டார், ஒரு கண்டென்சர், அதிலிருந்து மூன்றாவது கம்பிக்கு ஓர் இணைப்பு.

அவள் அனுமதியை வாங்கி, ஒருமுறை உரக்கப் படித்துக் கையெழுத்திட்டாள். சுவிட்சைப் பிரித்தாள். பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டாள். பலகை. டிடெக்டரைச் சோதித்தாள். அது பொருத்திய கழியை நீட்டி முதல் கம்பியைப் பார்த்தாள். சத்தமில்லை. இரண்டாவது கம்பி. சத்தமில்லை. கழி கீழே இறங்கியது.

நான் தியாகராஜனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மறுபடி மேலே போகும் என்று நினைத்தார் போலும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் டிடெக்டரை ஒழுங்காக மறுபடி சோதித்தாள், துடைத்து உறையில் போட்டாள். எர்த் ராடை எடுத்தாள். மண் பக்கத்து முனையை முறுக்கினாள். ஒரு தரம் போதாதென்று இரண்டு தரம் முறுக்கினாள். முதல் கம்பியில் மாட்டினாள். இரண்டாவதில் மாட்டினாள். அவளை நிறுத்தும்படி கத்தலாம் போலிருந்தது. கையிலிருந்த பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் மூன்றாவது கம்பிக்கு ராடைத் தூக்கினாள்.

பஸ்ஸர் அலறியது.

ராடை மெல்ல இறக்கிவிட்டு, மூன்றாவது கம்பியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மோட்டார் மறைத்து வைத்திருந்த தட்டியைப் பார்த்தாள். அந்த இரண்டு பார்வைக்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏம்மா அதைப் பாக்கல?" என்றேன்.

"டூ பேஸ்னு இருந்துச்சு மேடம். மூணாவது காலிதானே."

அவளுக்கு முன்னால் இதே சீட்டு ஒரு டவுன் பையனுக்கு வந்தது. அவனுக்கு டூ பேஸ் நேரம் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. அதனால் மூன்றையும் பார்த்தான். பவித்ரா பிறந்ததிலிருந்து அந்த நேரத்தில் வாழ்பவள். அவள் வீட்டில் மூன்றாவது காலி என்பதற்கு யாரும் சாட்சி கேட்டதில்லை. இதைப் பாடமாக யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை. வெளியூரில் பாடத்திட்டம் போடுகிறவர்கள் மாணவனுக்குத் தெரியாததைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அவனுக்குத் தெரிந்திருப்பது அவனை என்ன செய்யும் என்று நாங்களும் கேட்டுப் பார்க்கவில்லை.

மற்ற பதினோரு பேரும் தேறினார்கள். முதல்வர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். தியாகராஜன்தான் முதலில் பேசினார்.

"மேடம், அந்தப் பொண்ணுக்குப் பாஸ் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமையோட எங்க ஆள் எடுப்பு முடியுது. மறுதேர்வு வரைக்கும் எடம் நிக்காது."

"ஒரு படி தப்பினா பெயில்னு சொன்னது நீங்க."

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். வேலை குடுக்கறவன் நானு, எனக்கே சரின்னா உங்களுக்கு இன்னா? முதல் வாரம் என் பக்கத்துலயே வெச்சிக்கறேன். இன்னிக்கு அவ பெயில்னு போச்சுன்னா எங்க மேலிடத்துல இன்னா சொல்லுவாங்க தெரியுமா? 'லேடீஸ் வேணாம்னு அப்பவே சொன்னோமே'ன்னுவாங்க. அதோட அந்தக் கதவு மூடிடும். அவளுக்கு மட்டும் இல்ல, பின்னாடி வர்றதுங்களுக்கும்."

முதல்வர் ஜன்னலருகே நின்று மதிப்பெண் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். "இந்த வருசம் சேர்க்கை குறைஞ்சிருக்கும்மா," என்றார் திரும்பாமல். "முதல் லேடி லைன் இன்ஜினியர் நம்ம காலேஜ்னு ஒரு போர்டு வெச்சா துறை நிக்கும். இல்லைன்னா அடுத்த வருசம் உங்க துறையை மூடச் சொல்லிக் கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவர் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு நல்லதுதான்.

"தியாகராஜன் சார்," என்றேன். "அனந்தபுரத்துல உங்க ஆள் எந்தக் கம்பியில போனார்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரும் ரெண்டைப் பாத்துட்டு மூணாவதை விட்டவர்தானே? அவர் அன்னிக்கு உங்க பக்கத்துல இருந்தாரா?"

"பக்கத்து கம்பத்துல இருந்தேன் மேடம்," என்றார். அதுவரை அவர் அதைச் சொன்னதில்லை.

முதல்வர் திரும்பினார். "துறைத் தலைவர் கையெழுத்து முதல்ல வரணும். நீங்க எதைப் போட்டாலும் கீழ நான் போடறேன்," என்று தாளை என் முன் வைத்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் எனக்கு முன்னால் "ம்" சொல்லாத நாள் அது ஒன்றுதான். நான் 'தேர்ச்சியில்லை' என்று எழுதினேன். தியாகராஜன் எழுந்து வெளியே போய், திரும்பி வந்து, நின்றபடியே கையெழுத்திட்டார். கடைசியாகப் பச்சைப் பேனா.

மறுநாள் காலை முதல் வகுப்புக்கு முன்பே முருகேசன் வந்துவிட்டார். பவித்ராவும் கூட வந்திருந்தாள். வேண்டாமென்று இழுத்து, முடியாமல் வந்தவள் போல் ஓரடி தள்ளி நின்றாள்.

"இன்னா மேடம், எல்லாத்தையும் கரெக்ட்டா பண்ணிட்டு ஒண்ணே ஒண்ணு தப்பினதுக்கு பெயிலா? இன்னா கணக்கு இது?"

"லைன்ல அந்த ஒண்ணு போதுங்க."

"டூ பேஸ் நேரத்துல மூணாவதுல இன்னா இருக்கப்போவுது? ஒண்ணும் இருக்காது. ஊருக்கே தெரியும்."

"கண்டென்சர் போட்ட மோட்டார் ஓடிக்கிட்டு இருந்தா?"

அவர் முகம் மாறியது. குரல் ஏறியது. "அதான பாத்தேன். என்னைக் குத்திக் காட்டத்தான் இந்தப் பரீட்சையா? ஆமாங்க, நான்தான் போடறேன். பயிரு காயறப்ப கூப்புடறான், போறேன். அந்தக் கண்டென்சரை எங்க வாங்கறேன் தெரியுமா? உங்க அண்ணன் கடையில. நேத்துக்கூட வாங்குனேன். அங்க போயி பெயில் போட்டுட்டு வாங்க மொதல்ல!"

தாழ்வாரத்தில் போன இரண்டு ஆசிரியர்கள் நின்றுவிட்டார்கள். "தெரியும்," என்று மட்டும் சொன்னேன். அண்ணனிடம் அதைப் பற்றி நான் பேசியதில்லை. அதற்குப் பிறகு பேசினேன். அவர் கேட்டாரா என்பது வேறு விஷயம். பக்கத்துக் கடையிலும் அது கிடைக்கும்.

"நைனா," என்றாள் பவித்ரா. "நீ போட்டதெல்லாம் எங்க இருக்குது?"

"எங்க இருக்கும்? மோட்டார் கொட்டாயில."

"கொட்டாயில இருந்து ஒயரு எங்க போவுது?"

"கம்பத்துக்கு."

"கம்பத்துல யாரு ஏறுவா?"

முருகேசன் மகளைப் பார்த்தார். "உன்ன ஏறவா சொன்னேன்?" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஏறுறதுக்குத்தான நைனா படிக்க வெச்சே."

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பவித்ரா நின்றாள். "நீங்க பண்ணது நியாயம்னு சொல்ல வரல மேடம். எனக்கு உங்க மேல கோவந்தான் இருக்குது. அந்த வேலைக்கு நான் எவ்ளோ..." முடிக்காமல் அவளும் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் பட்டியலில் பதினோரு பெயர்கள் வந்தன. கல்லூரி வாசலில் போர்டு எதுவும் வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் வேலை போனது என்னால் என்று சொல்பவர்கள் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்கிறார்கள். அது உண்மைதான்.

மறுதேர்வு சித்திரையில். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வேலை இல்லாத தேர்வு, எழுதி என்ன ஆகப்போகிறது? எழுதியது அவள் ஒருத்திதான். தியாகராஜனும் வந்திருந்தார். வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

சீட்டுகளை எல்லாம் மாற்றியிருந்தேன். அவளுக்கு வந்தது ஒரு ஆலை லைன். மூன்று கம்பியிலும் மின்சாரம் உள்ள நேரம். மூன்றையும் பார்த்தாள், மறுபடி முதலிலிருந்து மூன்றையும் பார்த்தாள். அப்படிப் பார்க்க வேண்டுமென்று விதியில் இல்லை. எர்த் ராடை மாட்டி, ஏறி, இன்சுலேட்டரைத் தொட்டு, இறங்கினாள். கழற்றும்போது முதலில் கம்பி, கடைசியில் மண். தியாகராஜன் தாளில் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப எடம் இல்லம்மா. தெரியுமில்ல?"

"தெரியும் சார். பெயில்னு இருக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒண்ணு கேக்கட்டா சார்?" என்றாள்.

"கேளு."

"உங்க ஆளுங்க மூணையும் பாக்கறாங்களா?"

"பாக்கணும்," என்றார்.

"பாக்கணும்னு எனக்கும் தெரியும் சார். பாக்கறாங்களா?"

முதல்வர் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். தொழிலுக்கு என்ன தேவை என்று நாங்கள் ஓராண்டாகத் தியாகராஜனிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதை எழுதிக்கொண்டோம். தொழிலில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை.

"சில பேரு," என்றார் தியாகராஜன். பிறகு, "அவசரம்னா இல்ல," என்றார். வெயிலில் நின்றதாலா, வேறெதனாலா தெரியவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்ன வேலைக்கு எடுத்தா என் நிம்மதி பூடும்போல இருக்குதே," என்று சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர் மேலிடத்தில் மறுபடி எத்தனை முறை சண்டை போட்டார் என்று எனக்குத் தெரியாது. மறுதேர்வுத் தாளின் நகல் ஒன்று வேண்டுமென்று கேட்டு வாங்கிப் போனார். அவளுக்கு வேலை உத்தரவு ஆவணியில் வந்தது. அதுவரை அவள் விழுப்புரத்தில் ஒரு கடையில் பில் போட்டாள். நான் அந்த ஆண்டு மார்கழியில் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவுக்கு அவள் வரவில்லை. கோபம் தீரவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

தை கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவளே அழைத்தாள். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. நலம் விசாரித்தாள். நைனா இன்னும் மோட்டார் வேலைக்குப் போகிறார் என்றாள், கண்டென்சர் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"எங்க கேங்குல ஆறு பேரு மேடம். நான் சேந்தப்போ மூணாவதை யாரும் பாக்கறதில்ல. நான் பாத்தா நேரம் போவுதுன்னு கத்துவாங்க, 'காலேஜு வந்துட்டுச்சுடா'ன்னு கிண்டல் வேற."

"இப்ப?"

"இப்ப பாக்கறவங்க ரெண்டு பேரு இருக்கோம் மேடம்."